எட்டு மணி மாத்திரை

லேபில் எனக்குப் பெயர் கத்தி. வேலையைப் பார்த்து வைத்தார்களா, வாயைப் பார்த்து வைத்தார்களா என்று நான் கேட்டதில்லை. இரண்டில் எதுவானாலும் எனக்குச் சம்மதம்தான். மனித உடம்பிலிருந்து எடுத்த துணுக்குகளை மெழுகில் பதித்து, அந்த மெழுகைத் தலைமுடியைவிடப் பல மடங்கு மெல்லிசாகச் சீவிக் கொடுப்பது என் வேலை. இருபத்தோரு வருஷமாகச் சீவுகிறேன். சீவலைக் கண்ணாடியில் ஒட்டி, சாயம் ஏற்றி, மைக்ரோஸ்கோப்புக்கு அடியில் வைத்தால் டாக்டரம்மா நோயின் பெயரைச் சொல்வார். பெயர் சொல்கிறவருக்குத்தான் மரியாதை. சீவுகிறவளை யார் கண்டார்கள்? போகட்டும்.

அந்தச் செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு ஒரு சின்ன பாட்டில் வந்தது. உள்ளே மருந்துத் தண்ணீரில் நூல் போல இரண்டு சதைத் துண்டுகள், ஒவ்வொன்றும் ஒரு விரல்நகத்தின் நீளம். பாட்டிலின் மேல் பெயர் கிடையாது, எண் மட்டும்தான். எண்ணைப் பார்க்கவேண்டிய அவசியமே எனக்கில்லை. ஒன்பதரைக்கு என் தம்பியின் அடிவயிற்றில் ஊசியை இறக்கி எடுத்த துணுக்கு அது. அவன் உடம்பிலிருந்து வந்தது, ஆனால் அவனோடு பிறந்தது இல்லை. என்னோடு பிறந்தது.

நாலு வருஷத்துக்கு முன்னால் என் இடது சிறுநீரகத்தை எடுத்து அவன் அடிவயிற்றில் வைத்தார்கள். வீட்டில் அவனை எலி என்று கூப்பிடுவோம். குறைமாதத்தில் பிறந்தவன், அப்பாவின் உள்ளங்கையில் அடங்கினானாம். இப்போது ஆறடி. லிஃப்ட் மெக்கானிக். இந்த ஊரில் எந்தக் கட்டடத்தில் லிஃப்ட் பாதியில் நின்றாலும் அவனுக்குத்தான் ஃபோன் வரும். இருட்டுக் குழிக்குள் இரும்புக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு தொங்குவான். அவனோடு என் சிறுநீரகமும் தொங்குகிறதே என்று நினைத்தாலே ஃபோனை எடுத்துவிடுவேன்.

"என் கிட்னிடா அது, பத்திரமா வச்சுக்க" என்று நாளைக்கு நாலு தடவை சொல்வேன். அவன் சிரிப்பான். அவன் சிரித்தால் சரி என்று அர்த்தம் என்றே நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

சிறுநீரகம் வைத்த புதிதில் கிட்னி டாக்டர் அவனிடம் ஒரு விஷயம் சொன்னார். "மாத்திரை காலைல எட்டு, ராத்திரி எட்டு. ஒரு நிமிஷம் கூடத் தள்ளக்கூடாது." சொன்னது அவனிடம், பிடித்துக்கொண்டது நான். தினமும் காலையில் எட்டுக்கு இரண்டு நிமிஷம் இருக்கும்போது அவனுக்கு ஃபோன் போடுவேன்.

"கையில எடுத்தியா?"

"எடுத்துட்டேன்."

"வாயில போடு. தண்ணி குடி. முழுங்குற சத்தம் எனக்குக் கேக்கணும்."

கேட்கும். மடக் என்று ஒரு சத்தம். அதற்குப் பிறகுதான் எனக்கு டீ இறங்கும். நாலு வருஷத்தில் ஒருநாள்கூடத் தவறவில்லை. காய்ச்சலில் கிடந்தபோதும் கூப்பிட்டேன். என் மகளுக்குப் பல் பிடுங்கும்போது, அவள் வாயைத் திறந்துகொண்டு என்னைப் பார்த்து முழிக்க, பக்கத்தில் நின்று கூப்பிட்டேன். என் வீட்டுக்காரர், "கல்யாணம் பண்ணின புதுசுல எனக்கு ஒரு நாள் இப்படி ஃபோன் பண்ணியிருப்பியா?" என்பார். உங்களுக்கு என்ன, இரண்டும் உங்களுடையதுதானே என்பேன்.

அந்த மாத்திரை உள்ளே என்ன செய்கிறது என்பதை டாக்டரம்மா ஒருநாள் டீ குடித்துக்கொண்டே சொன்னார். நம் ரத்தத்தில் காவல்கார அணுக்கள் இருக்கின்றன. அந்நியமாக எதையாவது தொட்டுவிட்டால், ஓர் அணுவுக்குள்ளேயே ஒரு தூதுவன் வெளிவாசலிலிருந்து உள்ளறைக்கு ஓடுவான். அவன் போய்ச் சேர்ந்தால் போதும், ஒரு காவல்காரன் பத்தாவான், பத்து ஆயிரமாகும். மாத்திரை அந்தத் தூதுவனைக் கதவுக்கு வெளியிலேயே நிறுத்திவைக்கிறது. அவ்வளவுதான். காவல்காரன் சாவதில்லை, அந்நியனும் சொந்தக்காரனாகிவிடுவதில்லை. செய்தி மட்டும் போகாது. மாத்திரை குறைந்தால் செய்தி போய்விடும், படை வரும். கூடினாலும் ஆபத்துதான், மாத்திரையே சிறுநீரகத்துக்கு விஷமாகும். நுண்ணிய ரத்தக்குழாய்கள் இறுகி, அணுக்களுக்குள் குமிழ் குமிழாகப் பொங்கும். அதனால்தான் மாதம் ஒருமுறை ரத்தத்தில் மருந்தின் அளவைப் பார்க்கிறார்கள்.

மூன்று மாதமாக எண்கள் சரியில்லை. கிரியாட்டினின் என்று ஒரு கழிவு, சிறுநீரகம் வெளியே தள்ளவேண்டியது. தள்ளாவிட்டால் ரத்தத்தில் ஏறும். ஒன்று புள்ளி இரண்டில் அசையாமல் நின்ற எண் ஒன்றே முக்கால் ஆனது, இரண்டானது, இரண்டு புள்ளி ஆறானது. அதற்கும் முன்னால் ஏறியது மருந்தின் அளவு, இருக்கவேண்டியதைப் போல இரண்டு மடங்கு. கிட்னி டாக்டர் மாத்திரையைக் குறைத்தார். அடுத்த மாதமும் அளவு கூடுதலாகவே இருந்தது, மறுபடி குறைத்தார். அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு என்று நானும் பெரிய மனுஷியாகத் தலையாட்டினேன். கிரியாட்டினின் இறங்கவில்லை. கடைசியில் டாக்டர் கையை விரித்தார். "உள்ள இருந்து ஒரு துண்டு எடுத்துப் பாத்துடுவோம். மருந்து விஷமாயிருந்தா இன்னும் குறைக்கணும். உடம்பு கிட்னியை வேண்டாம்னு தள்ளுதுன்னா உடனே கூட்டணும். மாத்திப் பண்ணினோம்னா கிட்னி போயிடும்."

போய்விட்டால் மறுபடி அந்த டயாலிசிஸ் நாற்காலி, வாரத்துக்கு மூன்று நாள், நாளுக்கு நாலு மணி நேரம். கொடுப்பதற்கு என்னிடம் இன்னொன்று இருக்கிறது, ஆனால் அதைக் கேட்டால் என்னையும் பக்கத்து நாற்காலியில் உட்காரவைக்க வேண்டியதுதான்.

டாக்டரம்மா பாட்டிலையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். "இன்னைக்கு இத நீங்க தொட வேண்டாம். வேற ஆள் வெட்டட்டும்."

"வேற ஆள் வெட்டினா நூலுல பாதி வீணாப் போயிடும் டாக்டரம்மா. என் கிட்னிய நானே வெட்டிக்கறேன்."

"கை நடுங்கினா?"

"நடுங்கினா கையச் சீவிடறேன்."

அவர் கண்ணாடிக்கு மேலாக என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு அறைக்குள் போய்விட்டார்.

மதியம் மெழுகுக்கட்டி தயாரானது. ஐஸ்மேல் வைத்துக் குளிரவைத்தேன். எந்திரத்தில் மாட்டி, அதன் முகத்தின்மேல் மெதுவாக ஒரு தடவை ஊதினேன். ஊதினால் மெழுகு இளகிக்கொடுக்கும். இது எந்தப் புத்தகத்திலும் இல்லை, கைக்குத் தெரிந்தது. சக்கரத்தைச் சுற்றச் சுற்றக் கத்தியின் விளிம்பிலிருந்து சீவல்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு நாடாவாக இறங்கின. அந்த நேரத்தில் மூச்சு விடக்கூடாது, விட்டால் பறந்துவிடும். தூரிகையால் நாடாவை ஏந்தி வெதுவெதுப்பான தண்ணீர்த் தொட்டியில் மிதக்கவிட்டேன். சுருங்கியிருந்தது தண்ணீரில் சோம்பல் முறித்து விரிந்தது. நடுவில் மெல்லிய ஒரு கோடு, பனி படிந்தாற்போல. ஒரு காலத்தில் என் முதுகெலும்பின் ஓரத்தில் தூங்கிக்கொண்டிருந்தது அது. நான் பள்ளிக்கூடத்துக்குப் போனபோது கூட வந்தது. நான் பிரசவ வலியில் கத்தியபோது உள்ளே இருந்து கேட்டிருக்கும். இப்போது தொட்டியில் மிதக்கிறது, என் முகம் அதற்குக் கீழே தண்ணீரில் தெரிகிறது. கை நடுங்கவில்லை. அழுகைதான் வந்தது, மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்ததால் அதுவும் வெளியே வரவில்லை.

சாயம் ஏறுவதற்கு நேரம் பிடிக்கும். முந்தின நாள் இரவு கண் மூடவில்லை. தொட்டியின் சூடு முகத்தில் பட, மேசைமேல் தலையைச் சாய்த்தேன்.

சாய்த்ததுமே தெரு வந்துவிட்டது. வளைந்து வளைந்து போகும் குறுகலான தெரு, நடுவில் கணுக்கால் அளவுக்குத் தெளிந்த தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. இரண்டு பக்கமும் சுவரோடு சுவராக வீடுகள். வாசல்தோறும் பெண்கள் குனிந்து தண்ணீரில் கைவிட்டு உப்பை அள்ளிப் பின்கட்டு வழியாக உள்ளே அனுப்பிக்கொண்டிருந்தார்கள். ஒருத்தி நிமிர்ந்தாள், என் முகம். அடுத்தவள் நிமிர்ந்தாள், அவளும் நான்தான். தெரு முழுக்க என் ஆட்கள். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

"சௌக்கியமா?" என்று கேட்டேன்.

"எங்க சௌக்கியம்? பின்கட்டுச் சுவரைப் பாரு" என்றாள் ஒருத்தி, கையை எடுக்காமலே.

பார்த்தேன். சுவரில் விரிசல். அதன் வழியாக ஒருவன் தோளை நுழைத்து உள்ளே வந்துகொண்டிருந்தான். வட்ட முகம், கறுத்த பெரிய கண். அவனுக்குப் பின்னால் இன்னொருவன், அவனுக்குப் பின்னால் வரிசை. எல்லாருக்கும் என் தம்பியின் மூக்கு.

"டேய் எலி! நான்தான்டா. அக்கா."

அவன் என்னை மேலும் கீழும் பார்த்தான். "எங்க வீட்டு ஆள் இல்லையே நீ."

"ஒரே வயித்துல பொறந்தவ!"

"தாயும் பிள்ளையும் ஆனாலும் வாயும் வயிறும் வேற" என்றான், அம்மா சொல்வதைப் போலவே. கோபமே இல்லை அவன் குரலில். வேலையைச் செய்கிறவனின் குரல். "எங்களுக்கு ஒரு ஆளு இருந்தாரு. செய்தி கொண்டு ஓடுறவன் கையப் பிடிச்சு, உக்காருப்பா, அப்புறம் போகலாம்னு சொல்லுவாரு. கொஞ்ச நாளா ராத்திரி முழுக்க அவரக் காணோம். செய்தி போயிடுச்சு. நாங்க வந்துட்டோம்."

"பொய்! ரத்தத்துல ரெண்டு பங்கு மருந்து இருக்கு, நான் காகிதத்துல பாத்தேன்."

"காகிதத்துல இருக்கலாம்" என்றான் அவன். என் முகத்தோடு இருந்த பெண்ணின் தோளைத் தள்ளிவிட்டு அவள் இடத்தில் உட்கார்ந்தான். தண்ணீர் கலங்கியது.

மணி அடித்தது. சாயத்துக்கு நேரம் வைத்திருந்த கடிகாரம். எழுந்து ஸ்லைடுகளைக் கழுவி, மூடி, டாக்டரம்மாவின் அறைக்குக் கொண்டுபோனேன். அங்கே இரண்டு பேர் ஒரே நேரத்தில் பார்க்கக்கூடிய மைக்ரோஸ்கோப் இருக்கிறது. "உக்காருங்க, உங்களுக்கும் பாக்கணும்ல" என்றார். உட்கார்ந்தேன்.

கனவு கலையவே இல்லையோ என்று நினைத்தேன். இளஞ்சிவப்பில் வளையம் வளையமாகச் சிறுநீர் ஓடும் நுண்குழாய்கள், அதே தெருக்கள், ஒவ்வொன்றையும் சுற்றி அடர்ந்த சிவப்பில் ஒரு கோடு. அந்தக் கோடுதான் சுவர். சுவருக்கு வெளியே ஊதா நிறத்தில் காவல்கார அணுக்கள் ஊர்க்கூட்டமாக நெருக்கியடித்துக்கொண்டு நின்றன. ஒரு வளையத்தில் கோட்டுக்கு உள்ளே மூன்று. அடுத்ததில் ஏழு. அதற்கடுத்ததில் எண்ண முடியவில்லை. டாக்டரம்மா ஸ்லைடை நகர்த்திக்கொண்டே வந்தார், தெருத்தெருவாக.

"குமிழ் ஒண்ணு கூட இல்ல" என்றார். "ரத்தக்குழாய் எல்லாம் சுத்தமா இருக்கு. இது மருந்தோட விஷம் இல்லம்மா. உடம்பு கிட்னியத் தள்ளுது."

"அப்போ மருந்து குறைச்சலா?"

"குறைச்சலாத்தான் இருந்திருக்கணும். ஆனா ரத்தத்துல ரெண்டு மடங்குன்னு ரிப்போர்ட் வருது. அவ்வளவு மருந்து இருக்கிற ரத்தத்துல இவ்வளவு படை எப்படிக் கிளம்பும்?" அவர் கண்ணை லென்ஸிலிருந்து எடுத்தார். "தம்பி ரத்தம் எத்தனை மணிக்குக் குடுப்பாரு?"

"முன்னெல்லாம் காலைல ஏழு மணிக்கு. மூணு மாசமா கவுண்டர் ஒன்பதரைக்குத்தான் திறக்கறாங்க."

"மாத்திரை?"

"எட்டுக்கு" என்றேன். "டாண்ணு எட்டுக்கு. நான்தான் ஃபோன் பண்ணிப் போடவைப்பேன், ஒருநாள் கூடத் தப்பினதில்ல."

பெருமையாகத்தான் சொன்னேன். வெட்கக்கேடு, பெருமையாகச் சொன்னேன்.

டாக்டரம்மா பேனாவின் மூடியைத் திறந்து திறந்து மூடினார். பிறகு மெதுவாகச் சொன்னார். இரவு போட்ட மாத்திரை விடியும்வரை தேய்ந்து, கடைசியில் அடியில் எவ்வளவு மிச்சம் நிற்கிறது என்று பார்ப்பதுதான் அந்தப் பரிசோதனை. அந்த மிச்சம்தான் காவல்காரர்களை விடியவிடிய உட்காரவைத்திருக்கும். அதனால் முதலில் ரத்தம், அப்புறம்தான் காலை மாத்திரை. எட்டுக்கு மாத்திரை போட்டு ஒன்பதரைக்கு ரத்தம் கொடுத்தால், வாய்க்குள் போன மருந்து அப்போதுதான் ரத்தத்தில் உச்சத்தில் நிற்கும். இரண்டு மடங்கு என்ன, மூன்று மடங்குகூடக் காட்டும். அந்தப் பொய்யான எண்ணை நம்பித்தான் டாக்டர் மாத்திரையைக் குறைத்தார், மறுபடியும் குறைத்தார்.

திசு என் வேலை. ரத்தம் கீழ்மாடிக்காரர்களின் வேலை. இருபத்தோரு வருஷம் ஒரே கட்டடத்தில் இருந்தும் மாடிப்படி இறங்கி ஒரு வார்த்தை கேட்கவில்லை நான். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு காவல் காத்தேன், காத்ததே வினையாகிவிட்டது. வேலியே பயிரை மேய்ந்தது என்பார்களே, அந்த வேலி நான்தான்.

டாக்டரம்மா கிட்னி டாக்டருக்கு ஃபோன் போட்டார். நான் வார்டுக்கு ஓடினேன்.

எலி நெட்டுக்கு மல்லாந்து படுத்திருந்தான். ஊசி போட்ட இடத்தில் ரத்தம் கசியாமலிருக்க அடிவயிற்றில் மணல்மூட்டை வைத்திருந்தார்கள். எட்டு மணி நேரம் அசையக்கூடாது. சாயங்கால வெளிச்சம் திரைச்சீலை வழியாக வந்து அவன் காலில் விழுந்திருந்தது. பக்கத்துக் கட்டிலில் ஒருவர் வாயைத் திறந்துகொண்டு தூங்கினார்.

"பாத்தியா அக்கா? எப்படி இருக்கு உன் சரக்கு?"

நின்றபடியே எல்லாவற்றையும் கொட்டினேன். காவல்கார அணுக்கள், சுவர், எட்டு மணி, ஒன்பதரை மணி. "நான்தான்டா. என் ஃபோன்தான். நான்தான் கெடுத்தேன்" என்று முடித்தேன். கட்டிலின் கம்பியைப் பிடித்துக்கொண்டேன்.

அவன் மேல்கூரையைப் பார்த்துக்கொண்டே, "தெரியும்க்கா" என்றான்.

"என்ன தெரியும்?"

"ரத்தம் குடுக்கிற அன்னைக்கு மாத்திரை போடக் கூடாதுன்னு. கவுண்டர் நேரம் மாத்தினப்பவே நர்ஸ் சொன்னாங்க."

எனக்கு எங்கிருந்து அவ்வளவு கோபம் வந்ததோ தெரியாது. "அறிவிருக்கா உனக்கு? தெரிஞ்சும் ஏன்டா முழுங்கின? வாயில என்ன கொழுக்கட்டையா வச்சிருந்த? என்கிட்டச் சொல்லித் தொலைக்க வேண்டியதுதானே!"

பக்கத்துக் கட்டில்காரர் கண்விழித்து மறுபடி மூடிக்கொண்டார்.

"சொன்னேன்."

"எப்போ சொன்ன?"

"முதல் தடவை. அன்னைக்கு ஃபோன்ல. ரத்தம் குடுத்துட்டு வந்து போடறேன்க்கான்னேன். நீ என்ன சொன்ன?"

எனக்கு ஞாபகம் வந்தது. வராமல் இருந்திருக்கலாம். நர்ஸுக்கு என்னடா தெரியும், டாக்டர் ஒரு நிமிஷம் தள்ளக்கூடாதுன்னிருக்காரு, என் கிட்னிய வச்சுக்கிட்டு விளையாடறியா, போடு இப்பவே, சத்தம் கேக்கணும். அப்படித்தான் சொன்னேன், வார்த்தைக்கு வார்த்தை. அன்றைக்கு அந்த மடக் சத்தம் கொஞ்சம் தாமதமாக வந்தது என்பது வரைக்கும் ஞாபகம் வந்தது.

"மறுபடி சொல்லியிருக்கலாமேடா" என்றேன். குரல் எனக்கே கேட்கவில்லை.

"ஒரு கிட்னி குடுத்தவகிட்ட ரெண்டாவது தடவை எப்படிக்கா மாட்டேன்னு சொல்றது?" அவன் தலையை மட்டும் என் பக்கம் திருப்பினான். "நாலு வருஷமா நான் உன்கிட்ட எதுக்காவது மாட்டேன்னு சொல்லியிருக்கேனா, யோசிச்சுப் பாரு. நீ சட்டையப் போடுன்னா போடுவேன். வேலைய மாத்துன்னா தேடுவேன். எனக்குப் பிடிச்ச பொண்ண நீ வேண்டாம்னு சொன்ன, விட்டுட்டேன். வாய் வரைக்கும் வரும். அப்புறம் உன் இடுப்புல இருக்கிற தழும்பு ஞாபகம் வரும், முழுங்கிடுவேன்."

மாத்திரை முழுங்கும் சத்தத்தைத்தான் நான் நாலு வருஷமாகக் கேட்டுக்கொண்டிருந்தேன் என்று நினைத்திருந்தேன். கூடவே எத்தனை வார்த்தைகள் இறங்கினவோ, கடவுளுக்குத்தான் வெளிச்சம். நாற்காலியை இழுத்து உட்கார்ந்தேன்.

அன்று சாயங்காலமே நரம்பில் சொட்டுமருந்து ஏற்ற ஆரம்பித்தார்கள். மூன்று நாள், நாளுக்கு ஒரு பாட்டில். அந்த மருந்து தூதுவனின் கையைப் பிடித்துக்கொண்டு கெஞ்சுகிற ஜாதி இல்லை. சுவருக்குள் புகுந்த காவல்காரர்களைப் பிடித்து வெளியேற்றும், அடங்காதவர்களை அங்கேயே தீர்த்துக்கட்டும். சொட்டு விழுவதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். ஒவ்வொரு சொட்டும் எந்தத் தெருவுக்குப் போகிறது, எந்த வளையத்தில் யார் எழுந்து போகிறார்கள், என் முகத்தோடு இருக்கும் எவள் திரும்பவும் தண்ணீரில் கையை விடுகிறாள் என்று கண்ணைத் திறந்துகொண்டே கனவு கண்டேன். அந்தக் காவல்காரர்கள்மேல் எனக்குக் கோபம் வரவில்லை. அவனால் சொல்ல முடியாததை அவர்கள் சொல்லிவிட்டார்கள், அவ்வளவுதான்.

அந்த மருந்துக்கு இன்னொரு குணம், ஆளைத் தூங்கவிடாது. எலிக்குக் கன்னம் சிவந்துவிட்டது, வாய் ஓயவில்லை. படுத்த இடத்திலிருந்தே வராந்தாவின் லிஃப்ட் சத்தத்தைக் கேட்டு, "பிரேக் தேஞ்சிருக்கு, மூணாவது மாடில அரை விரல் கீழ நிக்குமே?" என்றான். நர்ஸ் போய்ப் பார்த்துவிட்டு வந்து, ஆமாம் என்றாள். லிஃப்ட் குழியின் அடியில் நின்று மேலே பார்த்தால் நடுப்பகலில்கூட ஒரு காசு அளவு வானம்தான் தெரியும் என்றான். அதைப் பார்த்துக்கொண்டு சில நேரம் வேலையை மறந்துவிடுவானாம். இந்த மாதிரி அவன் என்னிடம் பேசி எத்தனையோ வருஷமாகிறது. நான் குறுக்கே பேசாமல் இருந்தேன். அது எவ்வளவு கஷ்டம் என்று என்னைத் தெரிந்தவர்களுக்குத் தெரியும்.

இரண்டு புள்ளி ஆறு, இரண்டு புள்ளி நான்கானது. அப்புறம் இரண்டு. ஐந்தாம் நாள் காலை ஒன்று புள்ளி ஏழு. கிட்னி டாக்டர் காகிதத்தைத் தூக்கிக் காட்டினார். "தப்பிச்சுட்டீங்க. பழைய ஒண்ணு புள்ளி ரெண்டுக்கு இனிமே வராது. சில இடத்துல தழும்பு விழுந்திருக்கும், அந்த அணுக்கள் திரும்ப முளைக்காது. இருக்கிறத வச்சுப் பல வருஷம் ஓட்டலாம். மாத்திரையப் பழைய அளவுக்கே கூட்டியாச்சு. ரத்தம் குடுக்கிற அன்னைக்கு மட்டும் குடுத்துட்டு அப்புறம் போடணும்." கடைசி வாக்கியத்தை என்னைப் பார்த்துச் சொன்னார். தலையைக் குனிந்துகொண்டேன்.

வீட்டுக்குப் போகலாம் என்றார்கள். நான் எல்லாம் தயாராக வைத்திருந்தேன். முன்னறையை ஒழித்து, மகளை எங்கள் அறைக்கு மாற்றி, புது உறை போட்ட படுக்கை. வாசலில் டாக்ஸி நின்றது. அவன் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டிருந்தான்.

"ஆறு மாசம் என் வீட்ல இரு. இனிமே எல்லாம் டாக்டர் சொன்னபடி எழுதிவச்சுப் பாத்துக்கறேன். நீ கண்ணு முன்னாடி இருந்தாத்தான் எனக்கு நிம்மதி."

"வரலக்கா."

"என்னது?"

"வரலன்னேன். நான் என் வீட்டுக்குப் போறேன். ஃபோனும் பண்ண வேண்டாம். மாத்திரைய நானே போட்டுக்கறேன்."

"பட்டது போதாதா? உன்ன நம்பி என் கிட்னிய எப்படிடா..."

"அது உன் கிட்னி இல்லக்கா" என்றான். சத்தமே போடவில்லை. "நீ குடுத்துட்ட."

நன்றி கெட்டவனே என்று சொல்ல வாயைத் திறந்துவிட்டேன். நுனிநாக்கில் நின்றது. அப்போதுதான் அவன் கையைப் பார்த்தேன். பையை இரண்டு கையாலும் நெஞ்சோடு அணைத்துப் பிடித்திருந்தான், விரல் முட்டிகள் வெளுத்துப்போயிருந்தன. பத்து மாடிக் குழிக்குள் ஒற்றைக் கயிற்றில் தொங்குகிறவன், என்னைக் கண்டு பயந்து நின்றான். பயந்துகொண்டே சொல்லியிருக்கிறான்.

"சரிடா" என்றேன். அவனிடம் அந்த வார்த்தையைச் சொல்லி எனக்குப் பழக்கமில்லை. "ஆமா. குடுத்துட்டேன்."

அவன் பையைக் கீழே வைத்துவிட்டு வந்து என் தலையில் கையை வைத்தான், அவன்தான் மூத்தவன் மாதிரி. பிறகு பையை எடுத்துக்கொண்டு படியிறங்கிப் போனான்.

டாக்ஸிக்காரர் இரண்டு தடவை ஹார்ன் அடித்தார். நான் காலிக் கட்டிலில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதேன். நாலு வருஷத்துக்கு முன்னால் கண்விழித்து இடுப்பில் கட்டைத் தடவிப் பார்த்தபோதுகூட அப்படி வலிக்கவில்லை. அன்றைக்கு மயக்க மருந்து கொடுத்துத்தான் எடுத்தார்கள்.